முதுமையில் துணை யார்? – ‘வெள்ளை மொழி’ குறித்து ஓர் இறையியல் நோக்கு

பழனி மலையில் கோடைக்கானல் நகரம் எழுந்ததற்கு நோயே காரணம். சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம்மவரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன் அருட்பணியாளர்கள், 1845ஆம் ஆண்டு அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். உடல்நலத்திற்கு மருந்து மட்டும் போதாது. தங்குவதற்கு ஓர் இடமும் உடனிருப்பதற்கு ஓர் உறவும் வேண்டும் என்பது அம்மலை நம் சபைகளுக்குக் கற்பித்த பாடம். அப்பாடத்தின் எல்லை எதுவரை என்னும் வினாவை, ஏ. ரேவதியின் தன்வரலாறாகிய ‘வெள்ளை மொழி’ (2011) நம்முன் வைக்கிறது.

நாமக்கல் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஆண்மகனாக வளர்க்கப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்த ரேவதி, உடன்பிறந்தாரின் அடிக்கு ஆளாகி வீட்டை விட்டு நீங்குகிறார். தில்லி, மும்பை, பெங்களூரு என அலையும் அவ்வாழ்வில் கோடைக்கானல் மலைக்குக் கீழுள்ள திண்டுக்கல்லும் வருகிறது. அவர் ‘நிர்வாணம்’ எனப்படும் அறுவைக்கு உட்பட்ட ஊர் அது. அறுவைக்குப்பின் நாற்பது நாள் பேணுவது திருநங்கையர் மரபு. பெற்ற வீடு கைவிட்ட உடலை, குருவும் சேலாக்களும் கொண்ட மற்றொரு குடும்பம் ஏற்றுக்கொள்கிறது.

சபையார் பலர் இவ்வுலகில் பிச்சையையும் பாலியல் தொழிலையும் மட்டுமே காண்பர். ரேவதியோ அதனுள் தாய், மகள், பாட்டி என்னும் முறைகளையும், முதிர்ந்த குருவைச் சேலாக்கள் தாங்கும் கடமையையும் காட்டுகிறார். அதே வேளையில் அவ்வுறவின் கடுமையையும் அவர் மறைக்கவில்லை. சம்பாத்தியம் நின்றால் தாங்குவார் யார் என்னும் அச்சம் வரிகளுக்கிடையே ஒலிக்கிறது. நூல் நடுவயதில் நின்றுவிடுவதால், முதுமை ஓரத்தில் மட்டுமே தோன்றி மறைகிறது. இது ஆசிரியரின் குறையன்று. அவர் வாழ்வு இன்னும் முடியவில்லை. எனினும் அவ்விடத்திலிருந்து நம் சிந்தனை தொடங்க வேண்டும்.

ஏனெனில் காலம் மாறியுள்ளது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது அது மரணத் தீர்ப்பாகவே கருதப்பட்டது. 2004 முதல் அரசு இலவசமாக வழங்கும் கூட்டுமருந்தால் அத்தொற்றுடையோர் இன்று முதுமை எய்துகின்றனர். இதயம், சிறுநீரகம், எலும்பு ஆகியவற்றின் நோய்களையும் தனிமையையும் எதிர்கொள்கின்றனர். தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் எச்.ஐ.வி. உள்ளோரைப் பாகுபடுத்துவதைத் தடை செய்தது. சட்டம் மருத்துவமனையின் கதவைத் திறக்கும். ஆனால் படுக்கையருகே அமராது.

ஏசாயா 56ஆம் அதிகாரம் அண்ணகருக்கு ஆலயத்தில் இடத்தையும், பிள்ளைகளால் வரும் பெயரினும் மேலானதொரு நாமத்தையும் வாக்களிக்கிறது. அண்ணகரும் திருநங்கையரும் ஒரே வகையினர் எனக் கொள்வது பிழை. ஆயினும் பிள்ளையற்ற முதுமையில் தம்மை நினைப்பார் யார் என்னும் கலக்கம் இருவர்க்கும் பொது. வாக்குறுதி அக்கலக்கத்திற்கே விடை.

தன்வரலாறு என்றாலே முடிவில் மனந்திரும்புதலைத் தேடும் சாட்சி வாசிப்பு நம்மிடையே ஊறிப்போயிற்று. இந்நூல் அதற்கு இடம் தரவில்லை. வாசகரின் மனந்திரும்புதலையே அது கேட்கிறது. ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி எனப் பிரிந்த முதியோர் இல்லத்தில் முதிய திருநங்கை ஒருவர் எவ்வாயில் வழியே நுழைவார்? அவருடைய கல்லறையில் எப்பெயர் பொறிக்கப்படும்? ஆயர்கள் தம் சபைக் குழுவில் இவ்விரு வினாக்களையும் எழுப்பிவிட்டுப் பின்னர் இந்நூலை வாசிப்பது நன்று.