கடைசி வரிசையின் காலடிச் சத்தம்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில், 10 கிலோமீட்டர் பிரிவின் அழகு முன்வரிசையில் இல்லை. நேப்பியர் பாலத்தருகே, மார்கழிப் பனி விலகாத இருட்டில், கடைசியாக நிற்கும் புதியவர்களிடம் இருக்கிறது. மடிப்புக் கலையாத டி-ஷர்ட், கோணலாக ஊக்கு குத்திய எண் அட்டை, இரண்டு முடிச்சுப் போட்ட ஷூ நாடா. ஓட்டம் தொடங்கியதும் காமராஜர் சாலையில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். வாணலியில் கடுகு பொரிவதுபோல் முதலில் படபடவென்று வெடித்து, மெள்ள மெள்ள ஒரே தாளத்துக்கு அடங்கும். இடப்புறம் கடற்காற்று. சாந்தோம் நெருங்கும்போது உதட்டில் உப்பு கரிக்கும். காற்றின் உப்பா, வியர்வையின் உப்பா என்று பிரிக்க முடியாது.

நான் அதிகம் ரசிப்பது பேசர்களை. இலக்கு நேரம் எழுதிய கொடியைச் சுமந்துகொண்டு, தன்னால் முடிகிற வேகத்தைக் குறைத்து, பிறருக்காக ஒரே சீராக ஓடுகிறவர்கள். “பேசிக்கிட்டே ஓட முடியுதா சார்? அப்ப இதுதான் உங்க வேகம்” என்பார்கள். வேகமாக ஓடுவதைவிட இந்தப் பொறுமை கடினமான வித்தை. திரு.வி.க. பாலத்தின் ஏற்றத்தில்கூட அந்தக் காலடி பிசகாது. (அங்கே அடையாற்று வாடைக்கு மட்டும் யாரிடமும் வைத்தியம் இல்லை.) தண்ணீர் மேசையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் “சூப்பர் ஆன்ட்டி, இன்னும் கொஞ்ச தூரம்தான்!” என்று கூசாமல் பொய் சொல்வார்கள், தண்ணீரைவிட அதில்தான் தெம்பு அதிகம். ஓட்டம் முடியும் தரமணி தொலைவுதான். நடுநடுவே நடந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். தயங்காமல் பெயரைக் கொடுங்கள்.