உடைமையும் உரையும்: ‘மூன்ஸ்டோன்’ புதினத்தில் காலனிய முரண்

விக்டோரியா காலத்து ஆங்கிலப் புதினங்களைப் பேரரசின் ஆதரவுக் குரல் என்றோ எதிர்ப்புக் குரல் என்றோ வகைப்படுத்தும் போக்கு திறனாய்வில் உண்டு. ஒரே பனுவலுக்குள் இவ்விரு குரல்களும் எவ்வாறு உடனுறைகின்றன என்பதே பின்காலனிய வாசிப்பு எழுப்பவேண்டிய வினாவாகும். வில்கி காலின்ஸ், சார்லஸ் டிக்கன்ஸின் இதழில் 1868இல் தொடராக எழுதிய ‘மூன்ஸ்டோன்’ இதற்குத் தக்க சான்று. இப்புதினத்தின் முரண் கருத்தளவில் நில்லாது எடுத்துரைப்பு அமைப்பிலேயே பொதிந்துள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

களவும் மீட்பும்

1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண வீழ்ச்சியோடு கதை தொடங்குகிறது. மூன்று இந்தியர் வீழ்ந்துகிடக்க, குருதி தோய்ந்த குத்துவாளோடு நிற்கிறான் ஹெர்ன்காசில் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவன். அவன் கவர்ந்த வைரம் அரை நூற்றாண்டுக்குப்பின் இங்கிலாந்தின் மாளிகை ஒன்றில் மீண்டும் களவு போகிறது. ஐயம் இந்தியர் மீதே முதலில் விழுகிறது. ஆனால் வைரத்தைக் கைக்கொண்டவன், அறப்பணிகளால் புகழ்பெற்ற காட்ஃபிரே ஏபிள்வைட். கருநிற மாலுமியாக வேடமிட்டுக் கொலையுண்டு கிடக்கும் அவன் முகப்பூச்சைக் கலைத்ததும் வெள்ளைத்தோல் வெளிப்படும் காட்சி, நாகரிகம் பேசுவோரே கள்வர் எனக் காட்டும் கூர்மையான அங்கதமாகும்.

1850இல் வைரம் சோமநாதபுரத்துச் சந்திரக் கடவுளிடம் மீள்கிறது. 1849ஆம் ஆண்டு லாகூர் உடன்படிக்கையால் பறிக்கப்பட்ட கோகினூர் வைரம் விக்டோரியா அரசியிடம் ஒப்படைக்கப்பட்டதும் இதே 1850இல்தான். தம் முன்னுரையில் கோகினூரைச் சுட்டும் காலின்ஸ், வரலாறு செய்ததைக் கதையில் தலைகீழாக்கினார் எனலாம். 1857 எழுச்சியின் வெம்மை தணியாத காலத்தில் இது எளிய செயலன்று. டிக்கன்ஸோடு இணைந்து, அவ்வெழுச்சியின் எதிரொலியாக அவ்வாண்டு கிறிஸ்துமஸ் கதையை எழுதியவரும் இவரே.

உரை யாருடையது?

இப்புதினம் பலர் எழுதித்தரும் வாக்குமூலங்களின் தொகுப்பு. வீட்டு ஊழியர், சமயப் பற்றுமிக்க பெண், வழக்கறிஞர், காவல் அதிகாரி எனப் பலருக்கும் அதில் பக்கங்கள் உண்டு. வைரத்துக்கு உரியவர்களான மூன்று பிராமணர்க்கு ஒரு பக்கமும் இல்லை. அவர்தம் தலைவன் வழக்கறிஞர் புரூஃபைக் கண்டு பேசும் பேச்சும் வழக்கறிஞரின் எழுத்து வழியாகவே நம்மை அடைகிறது. அப்பேச்சின் உட்பொருளை அவருக்கு விளக்குபவரும் மர்த்வெயிட் என்னும் ஆங்கிலேயப் பயணியே. சோமநாதபுர மீட்பைக் காண்பதும் மாறுவேடத்தில் நிற்கும் அதே பயணியின் கண்தான். வைரத்துக்காகச் சாதியிழந்து, ஒருவரையொருவர் இனிக் காணாது பிரியும் மூவரின் துயரை அவர்களே சொல்ல வழியில்லை.

எஸ்ரா ஜென்னிங்ஸ் இதற்கு விலக்காகலாம் என்பர். குடியேற்ற நாடொன்றில் ஆங்கிலேயத் தந்தைக்குப் பிறந்த இம்மருத்துவரே புதிரை அவிழ்க்கிறார்; அவர் நாட்குறிப்பும் நூலில் இடம்பெறுகிறது. ஆயினும் அவர் தாயைப் பற்றி நூல் மௌனம் சாதிக்கிறது. அவர் விருப்பப்படியே எஞ்சிய ஏடுகள் அவரோடு புதைக்கப்படுகின்றன. கல்லறையும் பெயரின்றி அமைகிறது. ஆகவே இவ்விலக்கும் விதியையே உறுதிசெய்கிறது.

நிறைவாக

காலின்ஸின் புதினம் உடைமையைத் திருப்பித் தருகிறது; உரைக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. காலனியத்தைக் கண்டிக்கும் பனுவலும் காலனியத்தின் மொழியதிகாரத்தைத் துறந்துவிடுவதில்லை. எனவே ஒரு படைப்பின் காலனிய நிலைப்பாட்டை மதிப்பிடுகையில், அது யார்மீது இரக்கம் கொள்கிறது என்பதோடு, யாரைப் பேசவிடுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். முன்னதை மட்டும் நோக்கும் திறனாய்வு, பனுவலின் நற்சான்றைப் பனுவலிடமே பெற்று அமைந்துவிடும்.