பிழைக்கும் உபாயங்கள்

வீடியோ விளையாட்டு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது நம் முற்போக்கு நண்பர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. நசிவுக் கலை என்றும், முதலாளித்துவம் இளைஞருக்கு ஊட்டும் அபின் என்றும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அது வழக்கை விசாரியாமல் வழங்கிய தீர்ப்பு. துப்பறியும் நாவல்களைப் பற்றி முன்பு எழுதியவற்றையே பெயர் மாற்றித் திரும்பவும் எழுதுவது விமர்சனமாகாது. நம் மாணவர்கள் இவற்றில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடக்கையில், அங்கே எதைக் கற்கிறார்கள் என்று கேட்க ஆசிரியன் கடமைப்பட்டவன்.

‘உயிர் பிழைக்கும் திகில்’ என்று ஒரு வகை உண்டு. 1989 இல் வந்த ‘ஸ்வீட் ஹோம்’, 1992 இல் வந்த ‘அலோன் இன் த டார்க்’ ஆகியவை அதன் முன்னோடிகள். எனினும், வகைக்குப் பெயரும் இலக்கணமும் தந்தது 1996 இல் ஜப்பானின் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட, ஷின்ஜி மிகாமி இயக்கிய ‘ரெசிடென்ட் ஈவில்’ தான். காட்டு நடுவே ஒரு மாளிகை. அதன் நிலவறையில் ஒரு மருந்துக் கம்பனி இரகசியமாகக் கிருமி ஆயுதம் செய்கிறது. கிருமி வெளியேறி, வேலை செய்த மனிதர்களெல்லாம் நடைப்பிணங்களாகிவிடுகிறார்கள். கம்பனியின் பெயர் ‘அம்பரல்லா’, அதாவது குடை. பெயரிட்டவனுக்கு நையாண்டி உணர்வு இருந்திருக்கிறது.

இம்மாளிகையில் பிழைக்கும் உபாயம் வீரமன்று, சிக்கனம். துப்பாக்கிக் குண்டுகள் குறைவு. கிறிஸ் என்பவன் ஆறு பொருள்களைத்தான் சுமக்கலாம். ஜில் என்பவள் எட்டு. ஆட்டத்தை இடையில் பதிந்துவைக்கத் தட்டச்சுப் பொறிக்கு மை நாடா வேண்டும்; நாடாவும் எண்ணிக்கைக்கு உட்பட்டது. பச்சை மூலிகையைத் தனியே உண்பதைவிடச் சிவப்பு மூலிகையோடு கலந்து உண்டால் காயம் முழுதும் ஆறும். ஆதலால் அவசரப்பட்டு உண்ணலாகாது. பத்துமுறை கடக்கவேண்டிய நடையில் நிற்கும் பிணத்தைச் சுடு. ஒருமுறை மட்டும் கடக்கும் அறையில் நிற்பதை விலகிச் செல். 2002 இல் வந்த மறுபதிப்பில் இதுவும் சிக்கலாகிறது. வீழ்ந்த பிணத்தை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காவிட்டாலோ, தலையைத் தகர்க்காவிட்டாலோ, அது முன்னிலும் வேகமாக எழுந்து வரும். மண்ணெண்ணெயும் அளவோடுதான் கிடைக்கும். அடுத்த சம்பளம் வரைக்கும் அரிசியை அளந்து உலையிலிடும் தோட்டத்துத் தாய்க்கு இந்தக் கணக்கை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பேதம் உண்டு. என் வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. விளையாட்டின் பஞ்சம் நியாயமான பஞ்சம். கவனமாக ஆடுபவன் பிழைத்து வெளியேறும் அளவுக்கு எத்தனை குண்டு, எத்தனை மூலிகை வேண்டுமென்று அமைத்தவன் முன்பே எண்ணி வைத்திருக்கிறான். மாத்தளைக்கு வந்த பாதையை அவ்வாறு எண்ணி அமைத்தவர் எவருமிலர். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கென்று கொண்டுவரப்பட்ட தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடே தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதி, காய்ச்சல், நீரின்மை, வனவிலங்கு. நடக்கமாட்டாதவர் வழியோரத்தில் விடப்பட்டனர். 1880 இல் மாத்தளைக்கு இரயில் வந்தது. அது கோப்பியை இறக்கிச் செல்லக் கண்டியிலிருந்து வந்ததேயன்றி, வடக்குப் பாதையில் நடந்தவர்க்காக வந்ததன்று. பிழைத்து வந்து சேர்ந்தவன் தலையில் வழிச்செலவும் கடனாக ஏறியது. கடன் தீராமல் வேறு தோட்டம் செல்ல முடியாதபடி ‘துண்டு’ முறை அவனைக் கட்டிப்போட்டது. அது சட்டத்தால் ஒழிந்தது 1921 இல். சிக்கனத்தால் வெல்லக்கூடிய ஆட்டமன்று அது. உழைப்பவன் கவனமாயிருந்தால் பிழைப்பான், இறந்தவன் கவனக்குறைவால் இறந்தான் என்ற நம்பிக்கையை இவ்விளையாட்டு ஓசையின்றி மனத்தில் ஊன்றுமானால், அங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அதன் இரத்தக் காட்சிகளைக் கண்டல்ல.

இவ்வளவும் சொன்னபின், அதில் மெய்யான இலக்கியம் இருக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். மாளிகையில் ஒரு நாட்குறிப்பு கிடைக்கிறது. எழுதியவன் விஞ்ஞானியல்லன்; சோதனை மிருகங்களுக்குத் தீனி போட்ட காவலாள். முதலில் சீட்டாட்டம், வேலை, மேலதிகாரிகள் பற்றி முழு வாக்கியங்களில் எழுதுகிறான். பிறகு உடலில் அரிப்பு, வாக்கியங்கள் குறுகுகின்றன, இறுதியில் இரண்டொரு சொற்களே எஞ்சுகின்றன. ஒரு தொழிலாளியின் பிரக்ஞை அவனது மொழியோடு சேர்ந்து அழிவதை இத்தனை சிக்கனமாகக் காட்டிய பக்கங்கள் அச்சு நூல்களிலும் அதிகமில்லை. படித்து முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு நடைப்பிணம் நம்மேல் பாய்கிறது. அது அவனேதான். அனுபவசாலிகள் கூறும் உபாயம்: குறிப்பைப் படிக்குமுன் துப்பாக்கியில் குண்டு நிரப்பிக்கொள்.

கம்பனி என்ன ஆயிற்று? ஆட்டம் ஆட்டமாக அதன் பலிகளைத்தான் நாம் சுடுகிறோம். அதன் முதலாளிகளின் கூட்ட அறைக்குள் ஒருமுறையேனும் காலடி வைப்பதில்லை. 2005 இல் வந்த நான்காம் பாகத்தின் முன்னுரையில், அரசு வியாபாரத்துக்குத் தடை விதித்தது, பங்கு விலை வீழ்ந்தது, அம்பரல்லா ஒழிந்தது என்று சில வரிகளில் கதை முடிகிறது! அத்தனை பிணங்களுக்கும் காரணமானதை வீழ்த்தியது பங்குச் சந்தையாம். 2009 இல் வந்த ஐந்தாம் பாகம் ஆபிரிக்க மக்களையே சுடும் இலக்காக்கி, நியாயமான கண்டனத்துக்கு ஆளாயிற்று. அதைப் பற்றி மேலும் சொல்ல ஏதுமில்லை.

சுவீடனில் உருவாகி 2010 இல் வந்த ‘அம்னீசியா’ ஆயுதத்தையே பறித்துவிடுகிறது. ஒளிந்துகொள்ளலாம், ஓடலாம், விளக்கெண்ணெயைச் சேமிக்கலாம். திகில் என்ற வகையில் அதுவே உயர்ந்த படைப்பு. ஆயினும் அங்கும் மனிதன் தனியன். தோட்டத்தில் பிழைக்கும் வழி மாறியது தனியன் ஒளிந்ததால் அன்று; சங்கம் கண்டதால். 1940 இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் குண்டுக்குப் பலியான கோவிந்தன் எந்த விளையாட்டின் விதிப்படியும் தோற்றவனே.

ரத்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் நால்வர் ஒரு பழைய கணினியில் அம்மாளிகையை ஆடக் கண்டேன். ஒருவன் ஆட, ஒருவன் குண்டுகளை எண்ணினான். ஒருத்தி கதவுகளைத் தாளில் வரைந்து வைத்தாள். ஆங்கிலம் அறிந்த மற்றொருத்தி காவலாளின் குறிப்பைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அலமாரி திறந்தது. ஆடுபவன் குறிவைத்தான். “சுடாதே அண்ணா, கதவால ஓடிரு; பாவம் அந்த ஆளு. குண்டும் மிச்சம்” என்றாள் படித்தவள். அவன் ஓடிவிட்டான்.