56 நிமிடம்: ஒரு விளம்பரக் கணக்கு

மின்சாரக் கார் வாங்க எண்ணுபவர் முதலில் கேட்பது, ‘சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?’ என்பதே. டாட்டா மோட்டார்ஸ் நிறுவனம் 2022-இல் நெக்ஸான் ஈ.வி. மேக்ஸ் காரை வெளியிட்டபோது தந்த விடை இது: 50 கிலோவாட் விரைவு சார்ஜரில் 0 முதல் 80 சதவீதம் வரை 56 நிமிடம். இந்த எண்ணைப் பொய் என்று சொல்வது நம் நோக்கமன்று. அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையே காண்போம்.

அக்காரின் பேட்டரி கொள்வது 40.5 கிலோவாட் மணி. அதில் 80 சதவீதம் 32.4. இதை 50-ஆல் வகுத்தால் 39 நிமிடம்தான் வருகிறது. அறிவிப்போ 56 என்கிறது. ஆகவே சராசரியாகப் பாய்ந்த திறன் ஏறத்தாழ 35 கிலோவாட். சார்ஜரின் மேல் எழுதியுள்ள எண் உச்ச வரம்பு. பேட்டரி ஏற்கும் அளவுக்கு மேல் அது தர இயலாது.

80 சதவீதத்துக்கு 56 என்றால் 100-க்கு 70 நிமிடம் என்று மாணவர்கள் நேர்விகிதக் கணக்குப் போடலாம். அது தவறு. பேட்டரியில் லிதியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து இடம் பிடிக்கின்றன. காலிப் பேருந்தில் பயணிகள் விரைந்து ஏறி அமர்வதில்லையா? கடைசி நாலைந்து பேர் இடம் தேடி நிற்பார்கள். அயனிகளின் நிலையும் அதுவே. வலிந்து திணித்தால் லிதியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். எனவே நிறைய நிறைய மின்னோட்டம் குறைக்கப்படுகிறது. கடைசி 20 சதவீதம் மிக மெதுவாகவே ஏறும். விளம்பரம் 80-இல் நின்றுவிடுவதன் காரணம் இதுதான்.

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியே உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகிறவர் அயோத்தியாப்பட்டணத்தில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றுவதாகக் கொள்வோம். எவரும் 0 வரை காத்திருப்பதில்லை. 20-லிருந்து 60 சதவீதம் போதுமானால், தேவை 16.2 கிலோவாட் மணி. மேற்கண்ட சராசரியில் ஏறத்தாழ 28 நிமிடம். 30 கிலோவாட் சார்ஜராயின் 32 நிமிடத்துக்குக் குறையாது. பேட்டரி சூடேறியிருந்தால் இன்னும் நீளும்.

ஏறி இறங்கும் ஒரு வளைகோட்டை ஒற்றை எண்ணாகச் சுருக்கியதே இவ்விளம்பரத்தின் குறை. வரைபடத்தையே அச்சிட்டிருந்தால், எங்கே சார்ஜரைக் கழற்றிவிட்டுப் புறப்படலாம் என்பது வாங்குபவருக்கு விளங்கியிருக்கும். அதுவரை மூன்றைக் கேளுங்கள்: பேட்டரியின் கொள்ளளவு என்ன? சார்ஜரின் திறன் என்ன? கார் ஏற்கும் திறன் என்ன? பிறகு நீங்களே வகுத்துப் பாருங்கள்.