உதகையில் உதிராத இலை

நம் கதைகளில் ஊட்டிக்குப் போகிற காதலர்கள் சருகை மிதித்துக்கொண்டுதான் பிரிகிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாய் இலை உதிர்கிறது. கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அந்தச் சருகு இங்கிலீஷ் நாவலிலிருந்து காற்றில் வந்தது.

1848-இல் மெக்ஐவர் என்ற துரை தொட்டபெட்டாச் சரிவில் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு ஐப்பசியில் போய்ப் பாருங்கள். அது நமக்குக் கூதிர் காலம், வடகிழக்குப் பருவமழை. புல்தரை பச்சைப்பசேலென்று நனைந்து கிடக்கும். சீமையிலிருந்து வந்த சில மரங்கள் பழுக்கும், வாஸ்தவம்தான். ஆனால் வர்ணமெல்லாம் பாத்தியில், டேலியாவிலும் சாமந்தியிலும். இரண்டாவது சீஸனுக்கென்று தோட்டக்காரர்கள் நட்டு வளர்த்தவை.

சோலை மரங்களின் சங்கதியோ நேர் எதிர். அவை சிவப்பது முதுமையால் அல்ல, இளமையால்! மாசி, பங்குனியில் பல மரங்களின் கொழுந்து செக்கச்செவேலென்று இருக்கும். முற்ற முற்றத்தான் பச்சை. பிரிவுக்கும் சாவுக்கும் சிவப்பிலையைத் தேடுகிற நம் ஆசிரியர்கள் பிறப்பின் சிவப்பைத் தவறவிடுகிறார்கள்.

ராஜம் கிருஷ்ணன் தவறவிடவில்லை. 1960-களில் வந்த ‘குறிஞ்சித் தேன்’ நாவலில், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டே படகர் வாழ்க்கையின் காலத்தை அளந்தார். அங்கே பருவம் ஜோடனை இல்லை, மனிதர்களின் வயசு.

சருகுதான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறவர்கள் மாசியில் முதுமலைத் தேக்கங்காட்டுக்கு இறங்கிப் போகட்டும். காலடியில் தாராளமாய் நொறுங்கும்.