தோல் பறையா, ஃபைபர் பறையா? ஒரு தப்பான கேள்வியைப் பற்றி

ஆடி மாதம் திருப்பாச்சூர் பக்கம் வந்து பாருங்கள். திருவள்ளூரைச் சுற்றி ஏதாவது ஒரு தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். பறை கற்றுக்கொள்ளும் பசங்க இப்போ அதிகம் என்பதால், இந்தக் கேள்வியும் அடிக்கடி காதில் விழுகிறது: திருவிழாவுக்குத் தோல் பறை எடுத்துட்டுப் போறதா, ஃபைபர் பறை எடுத்துட்டுப் போறதா?

வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "ஃபைபர் எடுத்துக்கோ. சவுண்டு நல்லா வரும், மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சத்தம், தாங்குதிறன் என்ற இரண்டை மட்டும் வைத்து ஒரு இசைக்கருவியைத் தேர்வு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. திறந்தவெளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: சுருதி இறங்கினால் அதை எதை வைத்து ஏற்றுவீங்க?

கொஞ்சம் இயற்பியல். தோலின் இழுவிசை பாதியானால் அதன் சுருதி சுமார் 70 சதவீதத்துக்கு இறங்கும்; அதாவது ஆர்மோனியத்தில் ஆறு அரைச்சுரம் கீழே. ஆடி மாதத்தில் நம்ம பக்கம் பகலெல்லாம் புழுக்கம், சாயங்காலம் இடி மழை. தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தளரும். பாலியெஸ்டர் படலம் ஈரத்தைக் குடிக்காது. மேற்கத்திய டிரம்களுக்கு 1957-ல் அமெரிக்காவில் ரெமோ நிறுவனம் பிளாஸ்டிக் தோல் விற்கத் தொடங்கியபோதும் இதுதான் முக்கியமான கவர்ச்சி.

நம்ம ஊர்க் கருவிகள் இதே பிரச்சினையை எப்படிக் கையாளுகின்றன என்று பார்த்தால் சுவாரசியம்.

உடுக்கையில் இடுப்புப் பகுதியில் ஓடும் கயிற்றை விரல்களால் அழுத்தினாலே சுருதி ஏறும். வாசிக்கும்போதே சரிசெய்துகொள்ளலாம். கஞ்சிரா நேர் எதிர். உலர்ந்தால் சுருதி ஏறிக்கொண்டே போகும், உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தடவி இறக்குவார்கள். வெயிலிலும் காற்றிலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மைக் இல்லாத இடத்தில் அதன் ஒலி நாலு வரிசையைத் தாண்டாது. போதாக்குறைக்கு, பழைய கஞ்சிராக்களில் இருப்பது உடும்புத்தோல். உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆட்டுத்தோல் கஞ்சிராவாக இருந்தாலும் தெருவுக்கு அது வேண்டாம்.

பறையில் இழுத்துக் கட்டும் கயிறு கிடையாது. மூன்று மரத்துண்டுகளை வளையமாகச் சேர்த்து, சுமார் 35 செ.மீ. விட்டமுள்ள அந்தச் சட்டத்தின் மேல் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிவிடுவார்கள். ஒட்டியது ஒட்டியதுதான். அதன் சுருதிக் கட்டுப்பாடு முழுக்க வெளியே இருக்கிறது: நெருப்பு. வைக்கோலையோ காய்ந்த ஓலையையோ கொளுத்திப் பறையைக் காய்ச்சுவது ஏதோ சடங்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லைங்க, அது சுருதி சேர்க்கிற வேலை. காய்ச்சி, தட்டிப் பார்த்து, திரும்பக் காய்ச்சி, குழுவில் உள்ள எல்லாப் பறையையும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குக் கொண்டுவருவார்கள். இதற்கு நேரம் ஆகும்.

என்னுடைய விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சபாவில் மிருதங்க வித்வான் மேடையில் உட்கார்ந்து, கல்லும் கட்டையும் வைத்துத் தட்டிச் சுருதி சேர்க்கிறார். மொத்த அரங்கமும் பொறுமையாகக் காத்திருக்கிறது. அதையும் கச்சேரியின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறோம். பறைக்குழுவுக்கு அதே பத்து நிமிடத்தை யார் தருகிறார்கள்? "டைம் ஆச்சு, சீக்கிரம் ஏறுங்க" என்பதுதான் நான் பார்த்த பல மேடைகளின் நடைமுறை. தீ மூட்ட ஒரு மூலைகூட ஒதுக்குவதில்லை. 2025-ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னை சங்கமம் போன்ற விழாக்களில் பறைக்குக் கூட்டம் சேர்கிறது. மரியாதை மேடைக்கு வந்துவிட்டது, நிகழ்ச்சி நிரலுக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே ஃபைபர் பறை பல இடங்களில் ஜெயித்தது இசையில் இல்லை, கால அட்டவணையில். நேரம் தராத அமைப்பாளருக்கு, நேரம் கேட்காத கருவி ரொம்ப வசதி.

இன்னொரு வாதமும் உண்டு: "மாட்டுத்தோல் கோயிலுக்கு ஆகாது." மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது, ஆட்டுத்தோலும் எருமைத்தோலும்கூட. டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். தோல் ஒன்றாக இருந்தும் தீட்டு மட்டும் ஒரு கருவிக்குத்தான் என்றால், பேச்சு தோலைப் பற்றியது இல்லை. அதைத் தொட்டு வேலை செய்த மனிதர்களைப் பற்றியது. இந்தக் காரணத்துக்காக ஃபைபருக்கு மாறுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஃபைபருக்கு நியாயமான இடமும் இருக்கிறது. தினசரிப் பயிற்சி, தீ மூட்ட முடியாத அடுக்குமாடி, வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிகள், கொட்டும் மழை, இதற்கெல்லாம் அது நல்ல கருவி. ஒலியில்தான் வித்தியாசம். தோல் ஓர் அடியைச் சொல்லிவிட்டு அடங்கும். பிளாஸ்டிக்கில் மேல்சுரங்கள் சற்று நேரம் மிஞ்சி நிற்கும். ஒரே ஒரு பறை என்றால் பரவாயில்லை. பத்துப் பறை சேர்ந்து வேகமாக அடிக்கும்போது, மூங்கில் சிம்புக்குச்சியின் மெல்லிய அடிகள் அந்த இரைச்சலில் கலங்கிப்போகின்றன என்பது என் காதுக்குத் தெரிகிற விஷயம்.

சத்தம் பற்றியும் ஒரு வரி. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும், எந்தக் கருவிக்கும். கொஞ்சம் கூடுதல் சத்தமுள்ள கருவியால் அதை ஈடுகட்டுவதைவிட, கூட்டத்தோடு நடந்து போவது மேல். பறையைத் தோளில் மாட்டி ஆடிக்கொண்டே அடிப்பது அதற்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

சரி, எதை எடுத்துப் போகலாம்? அம்மன் பாட்டுக்குத் துணை என்றால் உடுக்கை. ஏற்கெனவே பம்பைக்காரர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். அவர்கள் தாளத்தின் மேல் ஏறி அடிக்காதீங்க. ஊர்வலம் என்றால் தோல் பறை, மழைக்கு மாற்றாக ஒரு ஃபைபர். கூடவே அமைப்பாளரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் கேளுங்கள்: பந்தலிலிருந்து தள்ளி, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, காய்ச்ச ஓர் இடம், நிரலில் அதற்கென்று பத்து நிமிடம். தீ கூடாது என்றால் ஹாலஜன் விளக்குச் சூடாவது கிடைக்குமா என்று கேளுங்கள்.

அந்தப் பத்து நிமிடம் அச்சடித்த நிரலில் வந்துவிட்டால், தோலா ஃபைபரா என்பது கலைஞர் தானே முடிவெடுக்கிற விஷயமாக மாறும். இப்போதைக்கு பல இடங்களில் அவருக்காக வேறு யாரோ முடிவெடுத்துவிடுகிறார்கள்.