தேங்காய்ப்பால் டிரமிசு: எது தேறுகிறது, எது தேறவில்லை

எல்ல நகருக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் இறைச்சி, மீன் மட்டுமல்லாமல் பாலையும் முட்டையையும்கூடத் தொடாதவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் 'வீகன்' என்ற சொல் அங்கே உணவகப் பலகைகளில் ஏறியது. சோறு, பருப்புக் கறி, பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல் என்று போகும்வரை சமையற்காரருக்குச் சிரமமே இல்லை. நம் அடுப்படியில் பாதி ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது. சிரமம் இனிப்பில் வந்து நிற்கிறது, அதிலும் டிரமிசு என்ற இத்தாலிய அடுக்கு இனிப்பில். அதிலிருந்து பாலையும் முட்டையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது மா, சீனி, கோப்பி, கொக்கோ, அவ்வளவுதான்.

எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இந்த முயற்சியை மதிப்பிட வேண்டும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கடையிலும் வீட்டிலும் செய்வதைச் சாப்பிட்டும், செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தேங்காய்ப்பாலைத் தேங்காய்ப்பாலாகவே நடத்துகிறவர்களின் டிரமிசு தேறுகிறது. அதை இத்தாலியப் பாலேடாக வேடம் போட வைக்கிறவர்களின் டிரமிசு தேறுவதில்லை.

மூலச் செய்முறை எளிமையானது. வட இத்தாலியின் திரெவீசோ நகரில் 'லெ பெக்கெரியே' என்ற உணவகம் 1970களின் தொடக்கத்தில் இதைத் தன் உணவுப் பட்டியலில் சேர்த்தது. அதை நடத்திய அடோ கம்பியோல் 2021இல் காலமானபோது உலகப் பத்திரிகைகள் அவரை டிரமிசுவின் தந்தை என்று எழுதின. கைவேலை அவருடைய மனைவி அல்பாவுக்கும் சமையற்காரர் ரொபர்ட்டோ லிங்குவானொட்டோவுக்கும் உரியது. பக்கத்து ஃப்ரியூலிப் பகுதிக்காரர்கள் அது தங்களுடையது என்று இன்னமும் வழக்காடுகிறார்கள். விரல் நீளப் பிஸ்கட்டைக் கடுங்கோப்பியில் தோய்த்து அடுக்கி, முட்டை மஞ்சட்கருவும் சீனியும் நுரைக்க அடித்து மஸ்கார்போனே என்ற கெட்டிப் பாலேட்டோடு கலந்து மேலே பரப்பி, இன்னோர் அடுக்கு வைத்து, கொக்கோத்தூள் தூவிக் குளிரவிட வேண்டும்.

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. மேரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து, பட்டரும் ஐசிங் சீனியும் கொக்கோவும் அடித்த கலவையை இடையிடையே பூசிச் செய்யும் சாக்லேட் பிஸ்கட் புடிங் இலங்கை முழுவதும் பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் செய்வதுதான். பிஸ்கட் எத்தனை விநாடி நனைய வேண்டும், எப்போது கையில் கரைந்து போகும் என்று பதுளையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். தோய்த்து அடுக்கும் பக்குவம் இங்கே ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. இது இந்த முயற்சிக்கு ஒரு பெரிய பலம்.

ஆனால் இரண்டு தேவைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பும் வழக்கம் பரவியிருக்கிறது. சைவக் குடும்பங்கள் விலக்குவது முட்டையை, பாலை அல்ல. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் கௌரிக் காப்பு விரதமும் பார்க்கும் வீட்டில் பால், தயிர், நெய் எல்லாம் தாராளமாகப் புழங்கும். பாலை விலக்குகிறவர்கள் வேறு ஆட்கள்: வீகன் பயணிகள், பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள், பால் பட்டாலே உடம்பு தடித்துப்போகிற ஒவ்வாமைக்காரர்கள். முட்டை மட்டும் வேண்டாம் என்கிற வீட்டுக்கு ஊவாவிலேயே அருமையான வழி இருக்கிறது. மொனராகலைப் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கி, வெள்ளைத் துணியில் கட்டி ஓரிரவு தொங்கவிட்டால், நீர் வடிந்து கத்தியால் தடவுகிற பதத்துக்கு வந்துவிடும். சற்றுப் புளிப்பு உண்டு, சீனி அதைச் சமாளித்துவிடும். அப்படியிருக்க, சைவ வீட்டுப் பிறந்தநாளுக்கும் பால் சேராத டிரமிசுவைச் செய்து, அதன் குறைகளையெல்லாம் தேவையில்லாமல் சுமப்பானேன்?

பாலும் கூடாது, முட்டையும் கூடாது என்றால்தான் தேங்காய்ப்பாலுக்கு வர வேண்டும். இங்கேதான் கைப்பக்குவம் வெளிப்படுகிறது. தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்த முதற்பாலைக் குளிரில் வைத்தால் மேலே ஏடு கெட்டியாகப் படியும். அந்த ஏட்டை மட்டும் வழித்தெடுத்து அடித்தால் மஸ்கார்போனேயின் தடிப்புக்குப் பக்கத்தில் வருகிறது. சிக்கல் அதன் உருகுநிலையில் இருக்கிறது. பால்கொழுப்பு ஒரே வெப்பநிலையில் உருகிவிடாது. கொஞ்சம் கொஞ்சமாக இளகி, நாக்கின் சூட்டில்தான் முழுதும் கரையும். தேங்காய்க் கொழுப்போ 24 பாகை செல்சியஸ் அளவில் சட்டென்று உருகிவிடும். ஹப்புத்தளையில் மார்கழி, தை மாதக் காலையில் தேங்காயெண்ணெய் போத்தல் உறைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1,400 மீற்றருக்கு மேலே இருக்கும் அந்த ஊரில், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பரிமாறுகிற வரைக்கும் அடுக்கு கலையாது. அதே செய்முறையில் 700 மீற்றருக்கும் கீழே கிடக்கும் பதுளை நகரில் பங்குனி மாத மதியத்தில் செய்தால், கிண்ணம் மேசைக்கு வருவதற்குள் ஓரம் வழியத் தொடங்கிவிடும். ஒரே மாவட்டத்துக்குள் ஒரே செய்முறை ஓரிடத்தில் நிற்கிறது, ஓரிடத்தில் சரிகிறது. அளவுகளை எழுதி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பதுளைச் சூட்டில் நிறுத்த மாப்பொருள் சேர்க்கத்தான் வேண்டும். கோர்ன்ஃப்ளவர் கரைத்துக் கஸ்டர்ட் போலக் காய்ச்சுகிறார்கள். பலர் கோட்டை விடுவதும் இந்த இடத்தில்தான். முழு முதற்பாலையும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால், கொழுப்பைப் பாலோடு பிடித்து வைத்திருக்கும் தேங்காயின் புரதம் சூட்டில் கெட்டு, எண்ணெய் தனியாக மிதக்கும். சொதி வைக்கும் எந்தப் பெண்ணும் இந்தத் தவறைச் செய்யமாட்டார். இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, இறக்குகிற நேரத்தில்தான் முதற்பால் விடுவார். டிரமிசுவுக்கும் அதே முறைதான். மாவை இரண்டாம் பாலில் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு குளிர்ந்த முதற்பால் ஏட்டைக் கலக்க வேண்டும். சொதியில் தெரிந்த பக்குவம் இத்தாலியப் பெயரைக் கேட்டதும் மறந்துபோகிறது. இந்த முயற்சியில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

மஞ்சட்கரு செய்த இன்னொரு வேலை காற்றைப் பிடித்து வைப்பது. அதற்குக் கடலை அவித்த தண்ணீர் உதவுகிறது. பிரெஞ்சுக்காரர் ஜோயெல் ரோசெல் 2014இல் பருப்பு வகை அவித்த நீர் முட்டை வெள்ளையைப் போல நுரைக்கும் என்று காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்கர் கூஸ் வோல்ட் அதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயர் வைத்தார். கோயில் திருவிழாவுக்கு அண்டா அண்டாவாகக் கடலை அவிக்கிற ஊர்களில் அந்தத் தண்ணீர் இத்தனை காலமும் கொட்டித்தான் போயிருக்கிறது. உப்புப் போடாமல் அவித்து, நீரைச் சுண்டவைத்து, சீனி சேர்த்து அடித்தால் வெள்ளையாகப் பொங்கி நிற்கும். ஆனால் கொழுப்புப் பட்டால் நுரை இறங்கும். மெதுவாக, கடைசியாகத்தான் கலக்க வேண்டும். அப்படியும் மறுநாள் கிண்ணத்தின் அடியில் நீர் விட்டிருக்கும். அன்று செய்து அன்றே சாப்பிடுவதற்கு நல்லது. கடைக்காரர் மூன்று நாள் வைத்து விற்பதற்கு உதவாது. வைத்து விற்க நினைப்பவர்கள் கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். அது நிற்கும், ஆனால் நாக்கில் பாலேடு போலக் கரையாமல் துண்டு துண்டாக உடையும். அதை அடுக்கு ஜெலி என்று விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பச்சை முட்டை இல்லை என்பது கலப்பில்லாத நன்மை. சல்மொனெல்லா பயம் இல்லாமல் கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். அதற்காக, குளிர் ஊர்தானே என்று ஜன்னலோரத்தில் வைத்துவிடக் கூடாது. தேங்காய்ப்பால் புளிக்க மலைக்குளிர் தடையில்லை.

அடுத்தது பிஸ்கட். மூலத்தில் உள்ள விரல் பிஸ்கட் முட்டையின் நுரையாலேயே உப்புவது, அதனால் அது இங்கே ஆகாது. மேரி பிஸ்கட்டை எடுக்கிறார்கள். அது மெல்லியது, நெருக்கமானது. கோப்பியை உறிஞ்சுவதற்குள் ஓரம் கரையும். பேக்கரி ரஸ்க் அதைவிட நன்றாக உறிஞ்சும், நடுவில் கொஞ்சம் பிடிப்பும் மிஞ்சும். ருசியைவிடப் பெரிய சிக்கல் இங்கே ஒன்று உண்டு. கடையில் வாங்கும் பிஸ்கட்டிலும் ரஸ்க்கிலும் மார்ஜரினிலும் பால்மாவோ மோர்த்தூளோ சேர்ந்திருக்கலாம். பக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் 'பால் இல்லை' என்று பலகையில் எழுதுவது கொள்கைக்காகப் பாலை விட்டவரை ஏமாற்றுவது. பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கோ அது உயிராபத்து. கிறீமுக்காக இரண்டு மணித்தியாலம் பாடுபட்டுவிட்டு இங்கே கோட்டை விட்டால் செய்த அத்தனையும் வீண். வீட்டிலேயே சோடாவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து முட்டையில்லாமல் சுட்ட கேக்கைத் துண்டு போட்டு, மறுபடி போறணையில் காயவைத்து எடுப்பதுதான் நம்பகமான வழி. அதில் என்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும்.

'உடம்புக்கு நல்லது' என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. சீனி குறையவில்லை. பாலிலும் முட்டையிலும் இருந்த புரதம்தான் குறைந்திருக்கிறது. 2016 ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றிலொருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதிருந்தார்கள். பாலும் முட்டையும் இல்லாததை ஒரு பெருமையாக இந்தப் பிள்ளைகளின் முன்னால் பேசக் கூடாது. 2022 பொருளாதார நெருக்கடியில் 400 கிராம் பால்மா பக்கெட் 1,000 ரூபாயைத் தாண்டியது. லயத்துக் குடும்பங்கள் விரும்பியா பாலை விட்டார்கள்? பிளேன்டீயோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், லயத்தின் பின்னால் ஒன்றிரண்டு மாடு கட்டி, கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றித்தான் பல வீடுகளில் கைச்செலவு ஓடுகிறது. அந்தப் பாலைவிடத் தேங்காய் இந்த மண்ணுக்கு நெருக்கமானதும் இல்லை. அது குருநாகல், புத்தளம் பக்கத்திலிருந்து லொறி ஏறி வருகிறது. 2025இல் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது, ஆறு பேருக்கான டிரமிசுவுக்கு வேண்டிய இரண்டு தேங்காய்க்கே 400 ரூபாய் ஆனது. 2024 செப்டம்பர் வர்த்தமானியில் கொழுந்து பறிப்பவருக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய்.

எதில் தோய்ப்பது என்பது மிஞ்சுகிறது. ஊவாவில் இருப்பதால் கோப்பிக்குப் பதில் தேயிலைச் சாயம் என்று சிலர் முயல்கிறார்கள். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது பறிக்கும் ஊவாத் தேயிலையின் குளிர்ச்சியான வாசம் தனி. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து அடக்குகிறது. தேங்காய்ப்பாலில் கேசீன் கிடையாது. அதனால் கொஞ்சம் கூடுதலாக ஊறினாலும் துவர்ப்பு நாக்கில் அப்படியே நிற்கும். நான்கு நிமிடத்தில் வடித்து எடுத்தால் தப்பிக்கலாம், ஆனால் அந்த இளஞ்சாயத்தின் வாசத்தைத் தேங்காய் வாசம் மூடிவிடுகிறது.

அதனால் கோப்பியே இதற்குச் சரி. கருகலுக்குச் சற்று முன் வரைக்கும் வறுத்த கோப்பியின் கைப்புக்குத்தான் தேங்காய் மணத்தை அதன் இடத்தில் நிறுத்தும் பலம் இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் இன்னும் நன்றாக நிற்கும். கோப்பி இந்த மலைக்கு அந்நியமும் இல்லை. நம் முன்னோரை முதலில் இங்கே கொண்டுவந்ததே கோப்பித் தோட்டங்கள்தான். அந்தத் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது 1869இல், இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையில். பெருந்தோட்டம் தேயிலைக்கு மாறியபின்னும் வீட்டோரத்தில் ஒன்றிரண்டு கோப்பி மரம் மிச்சமிருக்கிறது. பழம் பறித்து, முற்றத்தில் காயவைத்து, உரலில் குத்தித் தோல் நீக்கி, இரும்புச் சட்டியில் மல்லியோடு வறுக்கும் வீடுகள் பசறையிலும் லுணுகலையிலும் இன்னும் உண்டு. எல்ல நகரத்து உணவகங்கள் மல்லி சேர்க்காமல் வறுத்த கோப்பியை அந்த வீடுகளிலிருந்தே நேராக வாங்கலாம். கிண்ணத்தின் விலையில் ஒரு பங்காவது அப்போது தோட்டத்துக்குப் போகும், கிறீமுக்கு வேண்டிய கைப்பும் கிடைக்கும்.